யோசவாஸ் எதிர் கௌரவ அமைச்சர்

கங்காரு நாட்டில் எங்கள் சனம் குவிந்திருக்கிற பெண்டில் ஹில்லில் இரண்டு வீட்டுக்கு ஒரு வீடு மந்திரி மேல் வழக்குப் போட்டிருக்கிறது. அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. அகதி விசாவை முதலில் திணைக்களம் மறுக்கும். பிறகு தீர்ப்பாயம் மறுக்கும். அதற்குப் பிறகு நீதிமன்றத்துக்குப் போனால், எதிராளி என்ற இடத்தில் குடிவரவு அமைச்சரைத்தான் எழுத வேண்டும். தடிமன் வந்தால் கொத்தமல்லி அவித்துக் குடிப்பதுபோல எல்லோரும் செய்கிற காரியம். ஆனால் அதை வைத்துக்கொண்டு மூன்று வருடம் ஊரைக் கலக்கிய ஒரே ஆள், என் சாப்பாட்டுக் கடையில் றோல்ஸ் பொரித்த யோசவாஸ்தான்.

"அக்கா, என்னை ஆரெண்டு நினைச்சியள்? மந்திரியைக் கோட்டுக்கு இழுத்தவன்!"

"இழு, இழு. முதல்ல அந்த எண்ணெய்ச் சட்டியை இஞ்சால இழு. கருகுது."

சொந்த ஊர் மன்னாரில் பேசாலை. கடல் தொழில். நாற்பது வயது, தொப்பை இல்லை, வாய் மட்டும் காதுவரை. வேலையில் குறை சொல்ல மாட்டேன். நானூறு றோல்ஸ் சுற்றினால் நானூறும் ஒரே பருமனாக இருக்கும். ஆனால் புளுகு! அம்மாடி! ஊரில் அவன் பிடித்த அறுக்குளா மீன் ஒன்று இருந்தது. அவன் கடைக்கு வந்த மாதம் அது பன்னிரண்டு கிலோ. அடுத்த பொங்கலுக்கு முப்பது கிலோ. நத்தார்ப் பண்டிகைக்குள் அது வள்ளத்தையே இராமேசுவரம் வரை இழுத்துக்கொண்டு போய்விட்டது. இடியப்பம் வாங்க வருகிற சனம் சொதியைக் கையில் வைத்துக்கொண்டு வாயைப் பிளந்து நிற்கும். நான்தான் உள்ளே இருந்து கத்துவேன்.

"யோசவாஸ், அந்த மீனை இறக்கிவிடு. ஆக்கள் வீட்டுக்குப் போகவேணும்."

இந்த லட்சணத்தில், வழக்குப் போட்டதும் நீதிமன்றம் அவனுக்கு ஒரு புதுப் பெயரும் கொடுத்துவிட்டது. அகதி விசாக்காரரின் பெயரை அங்கே வெளியில் சொல்வதில்லை. ஊரில் தேடுகிறவன் காதில் விழுந்தால் ஆபத்து என்று மூன்று எழுத்தும் வருடமும் வைத்துவிடுவார்கள். இவனுக்கு விழுந்தது கியூ.இசட்.வை. பதினாறு. அதோடு போச்சு.

"மற்ற ஆக்களுக்குப் பேர் இருக்கு அக்கா. என்ரை பேரைச் சொல்லவே கோட்டுக்குப் பயம்."

மனைவி மெற்றில்டாவும் மகள் ஷெரோமியும் பேசாலையில். இவன் கடலால் வந்தபோது பிள்ளைக்கு இரண்டு வயது. இப்போது ஒன்பது. ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்து வந்து போனில் அவளுக்கு ஒரு கதை விடுவான். கங்காரு ஒன்று கடைக்கு வந்து கட்லெட் கேட்ட கதையை நானே என் காதால் கேட்டேன். வழக்கில் வென்றால் என்றைக்காவது அந்த இரண்டு பேரையும் கூப்பிடலாம். தோற்றால் கட்டுநாயக்காவுக்கு விமானம். இறங்கிய பிறகு என்ன நடக்கும் என்று அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

அவன் விசா கேட்ட காரணத்தை நான் மூன்று தரம் கேட்டிருக்கிறேன். போர் முடிந்து இரண்டு வருடம். அண்ணன் சூசைதாசன் கரையில் வலை காயப்போட்டுக்கொண்டு நின்றான். ஜீப்பில் வந்த நாலு பேர் சின்ன விசாரணை என்று ஏற்றிக்கொண்டு போனார்கள். ஆள் வரவில்லை. மூன்றாம் மாதம் இவனைத் தேடி வந்தார்கள். இவன் அன்று கடலில். அவ்வளவுதான். மூன்று தரமும் நாலு பேர், மூன்று தரமும் ஜீப், மூன்று தரமும் வலை. பன்னிரண்டு கிலோ மீனை வள்ளம் இழுக்க வைத்தவன், இந்தக் கதையில் ஒரு ஆளைக்கூட அஞ்சாக்கவில்லை. அவன் வாயில் வளராத ஒரே கதை அது. அதனால்தான் நான் நம்பினேன்.

தீர்ப்பாயத்துக்கு அதுதான் குற்றமாகப் பட்டது. எல்லா இடத்திலும் ஒரே மாதிரிச் சொல்கிறாராம். பாடமாக்கி ஒப்புவிப்பதுபோல் இருக்கிறதாம். நம்பமுடியவில்லையாம். மாற்றிச் சொன்னால் முரண்பாடு, மாற்றாமல் சொன்னால் பாடம். அடப்பாவிகளே, மனிசன் எப்படித்தான் சொல்வது?

மறுத்த நாளிலிருந்து முப்பத்தைந்து நாளுக்குள் நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டும். இவன் என்னிடம் ஒரு சொல் சொல்லவில்லை. பக்கத்து ஊரான ஓபனில் யாரோ வழக்கு வென்றிருந்தார்கள். அவர்களுடைய மனுவின் பிரதி கோயில் பிரசாதம்போலக் கைமாறிக் கைமாறி வந்துகொண்டிருந்தது. அதற்கு 'வெண்ட பேப்பர்' என்றே பெயர். வென்ற பேப்பரை அப்படியே எழுதினால் நாமும் வெல்வோம் என்று எங்கள் சனத்துக்கு ஒரு நம்பிக்கை. இவனும் புள்ளி தவறாமல் எழுதிக் கொடுத்துவிட்டு வந்து வழக்கம்போல றோல்ஸ் சுற்றினான்.

பிறகு மூன்று வருடம் நீதிமன்றத்திலிருந்து ஒரு சத்தமும் இல்லை.

இரண்டாயிரத்துப் பத்தொன்பது, ஆடி மாதம். குளிரில் விரல் விறைத்துக் கிடக்கிற நேரம். விசாரணைத் திகதியோடு மந்திரியின் சட்டத்தரணிகள் எழுதிய பதிலும் வந்தது. இவன் அதைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்தான்.

"அக்கா, மந்திரி எனக்குக் கடிதம் போட்டிருக்கிறார்!"

கையைத் துடைத்துவிட்டு வாசித்தேன். மிக மரியாதையான ஆங்கிலம். மனுதாரரின் மூன்றாவது காரணத்தில், தான் ஒரு விதவை என்பதைத் தீர்ப்பாயம் கவனிக்கவில்லை என்று முறையிட்டிருக்கிறார். எங்களுக்குத் தெரிந்தவரை மனுதாரர் மனைவியோடு உள்ள ஆண் என்பதைப் பணிவுடன் சுட்டிக்காட்டுகிறோம்.

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு வந்ததுதான் கோபம்.

"யோசவாஸ், நீ எப்ப தாலி அறுத்தனி?"

"என்னக்கா?"

"விதவை எண்டு எழுதிக் குடுத்திருக்கிறியே, மொக்கு! மெற்றில்டா உயிரோட இருக்கேக்க, நீ மீசையும் வச்சுக்கொண்டு!"

"அது வெண்ட பேப்பர் அக்கா..."

"வெண்டவ விதவை. நீ ஆர்?"

ஈயடிச்சான் கொப்பி என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். பார்த்து எழுதும் தாளில் ஈ செத்து ஒட்டியிருந்தால், தானும் ஒரு ஈயை அடித்து ஒட்டுகிறவன். அந்தப் பரம்பரையின் கடைசி வாரிசு என் கடையில் வேலை செய்திருக்கிறான். அன்று பின்னேரம் கடையை அடைத்துவிட்டு, "உன்ரை தீர்ப்பைக் கொண்டா, நானே பாக்கிறன்" என்றேன்.

தீர்ப்பாயத்தின் அந்தத் தீர்ப்பை அதுவரை ஒருவரும் முழுதாக வாசிக்கவில்லை. எங்கள் ஆட்கள் கடைசிப் பக்கம் கடைசி வரியை மட்டும் பார்ப்பார்கள். மறுப்பு என்று கண்டதும் அழுதுவிட்டு மடித்து வைப்பார்கள். எழுபத்திரண்டு பந்தி. ஒவ்வொரு பந்திக்கும் இலக்கம். நாற்பது வரை எல்லாம் யோசவாஸ். பேசாலை, வள்ளம், ஜீப், வலை. நாற்பத்தோராவது பந்தியில் நின்றுவிட்டேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரும்ப வாசித்தேன், அடுத்த மூன்று பந்தியையும் சேர்த்து.

"என்னக்கா, அதிலயும் நான் விதவையோ?"

"சும்மா இரு." தமிழில் சொன்னேன். "மனுதாரரின் சகோதரர் மலைப் பகுதியில் ஆடு வளர்த்து எந்தத் தொந்தரவும் இல்லாமல் வாழ்கிறார். ஆகவே மனுதாரரும் அவருடன் சேர்ந்து அங்கே பாதுகாப்பாக வாழலாம்."

பகிடியாகத்தான் சொன்னேன். மன்னாருக்குத் தெரிந்த மலை ஏது? அங்கே றோட்டில் திரிவது கழுதை. எந்த நாட்டிலோ எந்த மலையிலோ உள்ள யாரோ ஒருவனின் தீர்ப்பிலிருந்து நாலு பந்தியை வெட்டி இவனுடைய தீர்ப்பில் ஒட்டிவிட்டார்கள் என்று எனக்கு அந்த நிமிடமே விளங்கிவிட்டது. சிரித்துக்கொண்டே நிமிர்ந்தேன்.

யோசவாஸ் சிரிக்கவில்லை. கதிரையை இழுத்து என் முன்னால் இருந்தான்.

"திரும்ப வாசியுங்கோ."

வாசித்தேன்.

"அண்ணை ஆடு வளக்கிறாரோ?"

"டேய், இது பிழை. வேற ஆற்றையோ..."

"அரசாங்கம் எழுதியிருக்கு அக்கா. அவைக்குத் தெரியாததே? எங்கையும் விசாரிச்சிருப்பினம். மலைநாட்டுப் பக்கம் ஒளிச்சு இருக்கிறாரோ தெரியாது. பேர் மாத்தி."

நான் அவன் முகத்தைப் பார்த்தேன். ஊருக்கெல்லாம் புளுகுகிறவன், மற்றவன் விடுகிற புளுகை இப்படி வாயைத் திறந்து வாங்குவான் என்று எனக்குத் தெரியாது. கோபமாகத்தான் பேச வந்தது.

"விசரா! இந்த நாலு பந்தியும் பிழை எண்டு எழுதிக் குடுத்தா நீ வெல்லலாம். உன்ரை கதையை விட்டிட்டு ஆற்றையோ கதைக்குத் தீர்ப்புச் சொல்லியிருக்கினம். இதைவிடப் பெரிய பிழை வேணுமே? பத்து நாளுக்குள்ள மனுவைத் திருத்தவேணும்."

"அதைத் தொடாதேங்கோ அக்கா."

"என்ன?"

"வேற பந்தியைப் பிழை சொல்லுவம். அண்ணை உயிரோட இருக்கிறார் எண்டு எழுதியிருக்கிறதை நானே போய் பொய்யெண்டு சொல்லுறதே?"

அஞ்சு நாள் அவனோடு மல்லுக்கட்டினேன். காலையில் மாவைக் குழைக்கும்போது சொன்னேன். மத்தியானம் சட்டி கழுவும்போது சொன்னேன். கல்லில் நார் உரித்தாலும் உரிக்கலாம். இறைச்சி வெட்டவே எனக்குக் கை வரவில்லை, அதுவும் ஆட்டிறைச்சி. இவனோ, பாட்டுப் பாடிக்கொண்டு வேலை செய்தான். நல்லூர் வாடிக்கையாளர் ஒருவரிடம், தன் அண்ணன் மலையில் ஆட்டுப் பண்ணை வைத்திருப்பதாகச் சொன்னதைக் கேட்டேன். அன்று நாற்பது ஆடு. அடுத்த நாள் நூற்றைம்பது.

மூன்றாம் நாள் நாற்பத்திரண்டாவது பந்தியை எடுத்து நீட்டினேன்.

"இஞ்ச பார். அந்த அண்ணற்றை மனிசி ரீச்சராம். சூசைதாசன் கலியாணம் கட்டினவரே?"

"இப்ப கட்டியிருப்பார். நல்லதுதானே? ரீச்சர் எண்டால் சம்பளமும் வரும்."

நாற்பத்து மூன்றில் தகப்பனார் ஓய்வுபெற்ற தபால்காரர் என்று இருந்தது. அவனுடைய தகப்பன் கடலில் போய் இருபது வருடம். அதற்கும் ஒரு சமாதானம் வைத்திருந்தான். அப்பாவின் பெயரில் உள்ள வேறு ஆளை விசாரித்திருப்பார்கள், ஊரில் இரண்டு பேருக்கு ஒரே பெயர் இருக்கக்கூடாதா என்றான். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

அஞ்சாம் நாள் ஞாயிறு. ஷெரோமியோடு கதைத்துவிட்டுச் சிரித்தபடி வந்தான். பள்ளிக்கூடத்தில் ஓட்டப்போட்டியில் மூன்றாம் இடமாம். இவன் அதற்குள் முதலாம் இடமாக்கிவிட்டான். நான் ஒன்றும் சொல்லாமல் நாற்பத்து நாலாவது பந்தியை மேசையில் வைத்தேன். அதை மட்டும் நான் அதுவரை சொல்லாமல் வைத்திருந்தேன்.

"இதையும் கேள். மனுதாரருக்கு இரண்டு ஆண் பிள்ளைகள். இருவரும் வளர்ந்து தாயைப் பார்த்துக்கொள்வதால், குடும்பத்தைப் பற்றி அவர் கவலைப்படத் தேவையில்லை."

அவன் கையிலிருந்த போனை மேசையில் வைத்தான்.

"நாப்பத்தொண்டு உண்மையெண்டால் இதுவும் உண்மை, யோசவாஸ். ஒரே ஆளின்ரை கதை. இதில ஷெரோமி இல்லை."

தாளை எடுத்துப் பார்த்தான். ஆங்கிலம் அவனுக்கு எழுத்துக் கூட்டத்தான் தெரியும். ஆனாலும் அந்த நாலு வரியை நெடுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"எழுதுங்கோ அக்கா," என்றான். "எனக்கு ரெண்டு பெடியள் இல்லை."

ஒரே பக்கத்தில் எழுதினேன். நாற்பத்தொன்றிலிருந்து நாற்பத்து நாலு வரை என்னைப் பற்றியது அல்ல. விதவையை எடுத்துவிட்டேன்.

விசாரணை நாள். இவன் வெள்ளைச் சட்டை, கறுப்புக் காற்சட்டை, தலையில் அரைப் போத்தல் எண்ணெய். கையில் ஒரு பொதி. ரயிலில் ஏறிய பிறகுதான் மணத்தை வைத்துக் கண்டுபிடித்தேன்.

"என்னடா அது?"

"மட்டன் றோல்ஸ். மந்திரிக்கு."

"ஆருக்கு?"

"மூண்டு வருசமா என்னோட வழக்காடுறார். நேர காணேக்க வெறுங்கையோட போகலாமே? எங்கட ஊரில சண்டைக்காரன் வீட்டுக்குப் போனாலும் ஏதாவது கொண்டுதான் போவம்."

அவன் பகிடி விடவில்லை. வழக்குத் தாளில் மந்திரி என்று இருந்தால் மந்திரி வருவார் என்றே அவ்வளவு காலமும் நம்பியிருக்கிறான். எங்கள் சனத்தில் பாதிப் பேர் அப்படித்தான். பேசாலையில் ஒரு கிராமசேவகரைக் காணவே மூன்று நாள் நிற்க வேண்டும். இங்கே மந்திரியே வருகிறார் என்றால் விடுவார்களா? நான் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். சொன்னால் ரயிலிலேயே அழுதுவிடுவான்போல இருந்தது.

எதிர்ப்பக்கத்தில் ஒரு இளம் பெண் சட்டத்தரணி இருந்தார். மெலிந்த உடம்பு, முதுகில் பை. யோசவாஸ் அவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான். கதவைப் பார்த்தான்.

"அவர் பிந்தித்தான் வருவாரோ?"

"வரமாட்டார். இந்தப் பிள்ளைதான் அவருக்காகக் கதைக்கும்."

முகம் தொங்கிப்போனது. பொதியை மேசைக்கு அடியில் வைத்தான்.

நீதிபதி ஒரு நரைத்த அம்மா. என்னை அவன் பக்கத்தில் இருக்க விட்டார், ஆனால் வாய் திறக்கக்கூடாது என்றார். என்னைப்போய்! மொழிபெயர்ப்பாளர் மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டு வந்தார். முதலில் நீதிபதி யோசவாஸிடம், ஏதும் சொல்ல விரும்புகிறீர்களா என்று கேட்டார். இவன் எழும்பி, அண்ணன் வலை காயப்போட்ட கதையைத் தொடங்கினான். நாலு பேர், ஜீப் என்று வருவதற்குள் நீதிபதி கையை உயர்த்தினார்.

"நீங்கள் சொல்வது உண்மையா என்று தீர்மானிக்கிற அதிகாரம் எனக்கு இல்லை. தீர்ப்பாயம் தன் வேலையைச் சட்டப்படி செய்ததா என்பதை மட்டும்தான் நான் பார்க்க முடியும்."

யோசவாஸ் மொழிபெயர்ப்பாளரைப் பார்த்தான். "நான் சொல்லுறதைக் கேக்கமாட்டாவோ?"

நான் எழும்பிவிட்டேன். "அம்மா, ஒருத்தராவது..." என்று தொடங்கினேன். நீதிபதி கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். இருந்துவிட்டேன்.

பிறகு அந்தப் பிள்ளை பேசினார். நாலு பந்தியிலும் சிறு எழுத்துப் பிழை நடந்திருக்கலாம், மற்ற அறுபத்தெட்டுப் பந்தியும் சரி என்றார். அவருக்கே அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. நீதிபதி தாளைப் புரட்டினார்.

"நாலு பந்தி நீளத்துக்கு எழுத்துப் பிழையா?" என்று கேட்டுவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு ஆடு வளர்க்கும் சகோதரர் இருக்கிறாரா?"

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. மனுவில் எழுதியது போதும் என்று நினைத்திருந்தேன். யோசவாஸ் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். மொழிபெயர்ப்பாளர் இரண்டாம் தரம் கேட்டார்.

"இல்லை," என்றான். "ஒரு அண்ணை இருந்தவர். ஆடு வளக்கேல்லை. இப்ப இல்லை."

அவன் அண்ணனை 'இருந்தவர்' என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தரம்.

மத்தியானத்துக்குப் பிறகு தீர்ப்புச் சொல்வதாக நீதிபதி எழும்பிப் போனார். வெளியே மர வாங்கில் உட்கார்ந்து மந்திரியின் றோல்ஸை நாங்களே தின்றோம். அந்தச் சட்டத்தரணிப் பிள்ளை கடந்து போனபோது யோசவாஸ் எழும்பி ஒன்றை நீட்டினான். வாங்கக்கூடாதாம். நன்றி சொல்லி, சிவந்துபோய், படியால் இறங்கி ஓடினார். "பாவம், பசியோட போகுது," என்றான்.

இரண்டரை மணிக்குத் தீர்ப்பு. தீர்ப்பாயத்தின் முடிவு ரத்து. வேறொருவர் முன்னிலையில் முதலிலிருந்து விசாரிக்க வேண்டும். வழக்குச் செலவும் அமைச்சர் தலையில்.

வெளியில் வந்ததும் நான் அவன் முதுகில் ஓங்கி ஒரு அடி அடித்தேன். எனக்கு அழுகையும் சிரிப்புமாக இருந்தது.

"வெண்டிட்டாயடா! மந்திரியை வெண்டிட்டாய்!"

"விசா தந்திட்டினமோ?"

"இல்லை. திரும்ப விசாரணை. வேற ஆள் கேப்பார்."

"அந்த ஆளாவது அண்ணையின்ரை கதையைக் கேப்பாரோ?"

"கேக்கத்தான் வேணும். இந்த முறை நானும் வாறன். பாக்கிறன், எப்பிடிக் கேளாமல் விடினம் எண்டு."

தலையாட்டினான். பிறகு கேட்டான்.

"அப்ப அந்த நாப்பத்தோராம் பந்தி?"

"அது இனிச் செல்லாது. முழுத் தீர்ப்பையும் தூக்கி எறிஞ்சாச்சு."

"அஞ்சு நாள் நல்லா இருந்தது அக்கா," என்றான் யோசவாஸ். "காலமை எழும்பேக்க, அண்ணை இப்ப ஆட்டுக்குக் குழை வெட்டப் போயிருப்பார் எண்டு நினைப்பன்."

அவன் போனை எடுத்து மெற்றில்டாவுக்கு அடித்தான். வென்றதைச் சொன்னான். இன்னும் விசா இல்லை என்பதையும் சொன்னான், ஒன்றையும் கூட்டாமல். ஆடுகளைப் பற்றி அவளுக்குச் சொல்லவில்லை.